குப்புவின் கை

அக்கா,

இன்று காலை மேட்டு வீட்டு வாசலில் கால் வைத்ததுமே, சாராயம் காய்ச்ச வேலம்பட்டை ஊறும் வாடை. அந்த வீட்டு மருமகள் மாசமாக இருக்கிறாள். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றேன். பொய். மாசமாக இருப்பவள் கையில் டம்ளரைக் கண்டால் மோந்து பார்க்காமல் எனக்கு ஆகாது. யாரையும் நம்புவதில்லை நான், அதிலும் மாமியார்களை.

நீ குப்புவைச் சுமந்தபோது உன் மாமியார், முதலில் இறங்கும் சாராயத்தை உனக்கென்றே எடுத்து வைப்பாள். "குளுருக்கு நல்லதும்மா, கொழந்த கெட்டியாப் பொறக்கும்." அப்போது நம் வீடுகளில் பிள்ளைத்தாய்ச்சிக்குச் செய்யும் மரியாதையே அதுதான். நீயும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாய்.

குப்பு பூனைக்குட்டி போலப் பிறந்தாள். நான் ஆயாவாக இருந்த பால்வாடியில்தான் விட்டாய். கொதிக்கிற சாமைக் கஞ்சியில் கையை விட்டாள். புண் ஆறுவதற்குள் மறுபடியும் விட்டாள். யார் வீட்டுப் புளி காய்ந்தாலும் அள்ளி மடியில் கட்டிக்கொள்வாள். "திருட்டுக் கழுத" என்றது ஊர். நீ விளாரால் விளாசுவாய். அடி வாங்கிய கையோடு உன் மடியிலேயே வந்து படுப்பாள். வேண்டுமென்றே செய்கிற பிள்ளை அப்படிப் படுக்குமா? அப்போதே எனக்குச் சந்தேகம்.

வெந்த கைக்கு மருந்து போட மலையிறங்கிச் செங்கம் ஆஸ்பத்திரிக்குப் போனோமே, அந்த டாக்டரம்மா குப்புவின் முகத்தையே பார்த்துவிட்டு உன்னைக் கேட்டாள்: "வயித்துல இருக்கறப்ப சாராயம் குடிச்சியாம்மா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மலக்காரங்கன்னாலே குடிகாரங்களா?" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "தாய் குடிக்கறது புள்ளைக்கும் போவுது. 'வேணாம், நில்லு'ன்னு கையைத் தடுக்கற எடம் மூளையில சேதமாயிருக்குன்னு நெனைக்கறேன். அடிச்சா வராது. ஒரே வார்த்தைய தெனம் சொல்லுங்க."

பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்துக்கொண்டாய். "இன்னா, நீதானே போட்டுக் குடுத்த?" டாக்டரம்மா பிள்ளையின் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தாள் என்றால் நீ நம்பவில்லை. எனக்கே நம்ப முடியவில்லையே! புளி உலுக்கும் காலம் முழுக்க நீ என்னோடு பேசவில்லை.

மறுபடி மாசமானதும் ஒரு சாயங்காலம் நீயாகவே வந்து உட்கார்ந்தாய். "இங்கயே துன்னுட்டுப் போறேன். அங்க போனா ஊத்திக் குடுப்பாங்க." தினமும் வந்தாய். உன் சின்னவன் இன்றைக்கு ஒரு அதட்டலுக்கு நிற்கிறான், அக்கா.

காமாலையில் நீ போனபின் குப்பு என்னிடம்தான். இப்போது என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். "கையக் கட்டு, அப்பறம் கேளு." தினமும் அதே வார்த்தை. பாதி நாள் கேட்கிறாள்.

இன்று அவளும் என்னோடு வந்திருந்தாள். மாமியார்க்காரி மருமகளிடம் சாராய டம்ளரை நீட்டினாள். பெரியவளாயிற்றே, எப்படிச் சொல்வது என்று நான் மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன். குப்புவின் கை எழுந்தது. 'கையக் கட்டு' என் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. டம்ளர் பறந்து முற்றத்தில் விழுந்தது.

வழியெல்லாம் "அடிப்பியா, சித்தி?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். "இல்லடி" என்றேன். அவள் கையெல்லாம் சாராய வாடை. வீடு வரும்வரை அந்தக் கையை நான் விடவில்லை.