லாரியில் போனது பை மட்டும்

வல்லம்,
29 ஜனவரி 1974

அன்பு மகள் ரத்னாவுக்கு,

உன் அம்மா எழுதுவது. பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். நான் ஜவ்வாது மலைக்கு லாரியில் ஏறிப் போனேன் என்று ஊரில் சொல்கிறார்கள். உன் சித்தப்பா யாக்கோபு அதை உனக்கு எழுதியும் போட்டாராம். நேற்று அவரே வந்து சொன்னார். அது தவறு. லாரியில் போனது என் பை. அதுவும் கடைசி ஆறு மைல் மட்டும். நான் சைக்கிளோடு என் காலால் ஏறினேன். அந்த ஆறு மைலை இரண்டு முறை ஏறினேன்.

நீ நவம்பர் இருபத்து நான்காம் தேதி எழுதிய கடிதம் என் எதிரில் இருக்கிறது. ஐப்பசி மழையில் நான் நான்கு நாள் காய்ச்சலில் கிடந்தது ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று. அதைக் கேட்டு நீ பதறியது நியாயம். வீட்டைப் பூட்டிவிட்டு உன்னோடு வந்துவிட வேண்டும் என்று எழுதினாய். அதோடு நிற்காமல், "தனியாக இருக்கத் தெம்பு இருக்கிறதென்றால், ஞானம்மா அத்தையைப் பார்க்கப் போகிறேன் என்று இருபது வருஷமாகச் சொல்கிறீர்களே, அந்த மலைக்கு உங்கள் சைக்கிளிலேயே ஏறிக் காட்டுங்கள். அப்புறம் நான் வாய் திறக்க மாட்டேன்" என்றும் எழுதினாய். கோபத்தில் எழுதியிருப்பாய். ஆனாலும் மையால் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறாய்.

பொங்கல் கழிந்து இரண்டாம் நாள் காலையில் கிளம்பினேன். முப்பது வருஷம் பிரசவம் பார்க்க ஒரகடத்துக்கும் சுற்றுப்பட்ட ஊர்களுக்கும் மிதித்த அதே சைக்கிள்தான். டயர் இரண்டும் புதிது. முதல் நாள் காஞ்சிபுரம், இரண்டாம் நாள் ஆரணி, மூன்றாம் நாள் போளூர் தாண்டி அத்திமூர். சமவெளியில் ஒரு தொந்தரவும் இல்லை, கேள்விகளைத் தவிர. செய்யாறில் இட்லிக் கடைக்காரி, "இன்னா வேண்டுதல்மா, சைக்கிள்ல போறே?" என்றாள். வேண்டுதல் ஒன்றும் இல்லை என்றேன். "வேண்டுதல் இல்லாம இன்னாத்துக்குமா இந்த வயசுல?" என்றாள். என் மகளை ஜெயிக்க என்றேன். சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு இட்லி வைத்து, "அப்ப துன்னுட்டுப் போ. தோத்துகினு வந்து நிக்காத" என்றாள்.

நான்காம் நாள் ஏற்றம். அத்திமூருக்கு அப்புறம் ரோடு வெறும் கல்லும் செம்மண்ணும். எட்டு மைலுக்கு ஒரு வீடு கிடையாது. விறகுக் கட்டோடு இறங்கி வந்த இரண்டு மலைவாசிப் பெண்களைத் தவிர மனித முகமே பார்க்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் மணியடித்துக்கொண்டே போகும்படி அவர்கள் சொன்னார்கள், கரடி விலகிவிடுமாம். அடித்தேன். கரடி விலகியதோ, அங்கே கரடியே இல்லையோ, தெரியாது. ஏற்றத்தில் பாதிக்கு மேல் தள்ளிக்கொண்டுதான் போனேன். இதை மறைக்க விரும்பவில்லை.

அப்போதுதான் பின்னால் ஒரு காலி லாரி வந்தது. மலையிலிருந்து புளி ஏற்றப் போகிற சுப்பிரமணி என்பவருடையது. "ஏறிக்கம்மா, சைக்கிளப் பின்னால போட்டுக்கலாம்" என்றார். என் மகளுக்கு ஏறிக் காட்ட வேண்டும், மாட்டேன் என்றேன். "பையையாவது குடும்மா. உம் பொண்ணு வந்து பாக்கவா போறாங்க?" என்றார். கொடுத்துவிட்டேன். அது என் தவறு.

பொழுது சாய்கிற நேரத்தில் ஞானம்மா வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி வாசலை அடைந்தேன். எனக்கு முன்பே என் பை அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இருபது வருஷம் கழித்துப் பார்க்கிற சிநேகிதியிடம் சரியாகப் பேசக்கூட முடியவில்லை. மறுநாள் முழங்காலுக்கு ஓய்வு கொடுத்தேன். அதற்கு மறுநாள் பையைக் கேரியரில் கட்டினேன். "பைத்தியமா உனக்கு? யார் கேட்கப் போகிறார்கள்?" என்றாள் ஞானம்மா. ரத்னா கேட்பாள் என்றேன். "கேட்காவிட்டால்?" என்றாள். கேட்காவிட்டால் எனக்கு இன்னும் கஷ்டம் என்றேன்.

லாரியை நிறுத்திய இடத்துக்கே இறங்கிப்போய், திரும்பி ஏறினேன். இந்த முறை எனக்கு வழி தெரியும். எங்கே மிதிக்கலாம், எங்கே இறங்க வேண்டும் என்று கணக்குப் பிடிபட்டுவிட்டது. கடைசி அரை மைல் சாமைக் காடுகளுக்கு நடுவே இறங்காமல் மிதித்தேன், ரத்னா. காட்டில் நின்ற பெண்கள் கையைத் தட்டிக் கத்தினார்கள். ஞானம்மா ஆஸ்பத்திரிப் படியில் நின்று, நோயாளிகளுக்கு முன்னால், முந்தானையை வீசி ஆட்டினாள். அறுபத்திரண்டு வயதில் எனக்கு அப்படிச் சிரிக்க வரும் என்று நான் நினைத்ததில்லை.

அவள் எழுதித் தந்த சாட்சிக் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். திரும்பி வந்ததும் சைக்கிளில்தான். அதற்குள் சுப்பிரமணி காஞ்சிபுரம் மண்டியில் புளி இறக்கும்போது, நர்ஸம்மா பை என் வண்டியில் வந்தது என்று நம் ஊர் வண்டிக்காரர் மண்ணாங்கட்டியிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சு வல்லம் வந்து சேர்வதற்குள் பை நானாகிவிட்டது.

வலது முழங்கால் இரண்டு நாள் வீங்கியிருந்தது. இப்போது வடிந்துவிட்டது. காய்ச்சல் விஷயத்தில் நீ பயந்ததில் தவறில்லை. அந்த நான்கு நாளும் நானும் பயந்துதான் கிடந்தேன். அதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது பக்கத்து வீட்டுப் பாஞ்சாலியிடம் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். காலை ஏழு மணிக்குள் என் சன்னல் திறக்காவிட்டால் அவள் வந்து கதவைத் தட்ட வேண்டும். "ஏழு இன்னாத்துக்கு நர்ஸம்மா, ஆறுக்கே தட்றேன்" என்கிறாள். தட்டவும் தட்டுகிறாள். தூக்கம்தான் போயிற்று.

கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா. உன் அறையை வெள்ளையடித்து வைக்கிறேன். எத்தனை நாள் இருந்தாலும் எனக்குப் போதாது. ஆனால் என்னைக் கூட்டிப் போக வராதே. என்னைப் பார்க்க வா. ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் காத்து நடத்துவாராக.

இந்த வீட்டில் நான் இருக்கலாம் என்று நீ சம்மதித்துப் பதில் போடு. சித்தப்பாவிடம் சொல்லி அனுப்ப வேண்டாம். உன் கையால் எழுதிப் போடு.

உன் அன்புள்ள அம்மா,
தாயாரம்மாள்