ஜெபத்தில் விட்டுப்போன பெயர்

என் செல்ல அப்பத்தாவுக்கு,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. ஒத்தக்கடை வீட்டுக்கு எதிரே இருந்த வயலில் பிளாட் கல் நட்டுவிட்டார்கள். சாயங்கால ஜெபம் ஐந்தே நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அப்பா ஒரு சங்கீதம் வாசித்து, பரமண்டல ஜெபம் சொல்லி எழுந்துவிடுகிறார். சாப்பிட உட்காரும்போது சோறு இன்னும் சூடாக இருக்கிறது. அது யாருக்கும் பிடிக்கவில்லை.

உன் ஜெபம் அப்படியா இருந்தது? முக்காட்டை இழுத்துவிட்டு நீ ஆரம்பித்தால் அப்பா, அம்மா, நான், தம்பி, பிறகு எழுமலைச் சித்தப்பா வீடு என்று ஒவ்வொரு பெயராக வரும். பெயரோடு அவரவர் குற்றமும் வரும்.

"ஆண்டவரே, சாமுவேல் பரீட்சைக்குப் படிக்காம அலங்காநல்லூருக்கு மாடு பாக்கப் போயிட்டு வந்திருக்கான். உமக்குத் தெரியாததில்ல. அவுக அப்பனுக்குத்தான் தெரியாது."

கண்ணை மூடியபடியே அப்பா தம்பியின் தொடையைக் கிள்ளுவார். ஆண்டவரிடம் பேசுகிறவளை யார் மறிக்க முடியும்? யாரையும் நேரில் திட்டத் தெரியாது உனக்கு. எங்களிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அவரிடம்தான் சொன்னாய்.

நான் செந்திலை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்றபோதும் நீ ஒன்றும் சொல்லவில்லை. வேற்று மதத்துப் பையன் என்று அம்மா அழுதாள். நீ காப்பி போட்டுக் கொடுத்தாய். அன்று சாயங்காலம் ஜெபத்தில் அப்பா பெயர் வந்தது, அம்மா பெயர் வந்தது, அடுத்துத் தம்பி பெயர் வந்துவிட்டது. நானும் எல்லாரோடும் சேர்ந்து ஆமென் சொன்னேன். பஸ்ஸில் மதுரை போய்ச் சேரும்வரை அழுதேன். அதற்குப் பின் நாலு மாதம் அந்தப் பக்கமே வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு அம்மா வற்புறுத்திக் கூப்பிட்டதால் இருவரும் வந்தோம். ஜெபத்தில் நீ குரலைத் தாழ்த்தினாய்.

"ஆண்டவரே, நாலு மாசமா ஒரு பேரை முழுங்கிட்டேன். அது தப்பு. எஸ்தரையும் அவ வீட்டுக்காரரு செந்திலையும் உம்ம கையில குடுக்குறேன். அந்தப் பிள்ளை காப்பி குடிச்ச டம்ளரைத் தானே கழுவி வைக்குது."

ஜெபத்தில் உட்கார்ந்து பழக்கமில்லாத செந்தில், "சரிங்க அப்பத்தா" என்றார். நீ சிரித்துவிட்டாய். ஜெபத்தின் நடுவில் நீ சிரித்து நான் பார்த்தது அந்த ஒருநாள்தான்.

இப்போது என் கதையைக் கேள். உன் அடக்கத்தன்று எல்லாரும் குழியில் மண் போட்டபோது செந்திலும் ஒரு பிடி எடுத்தார். சித்தப்பா கையை நீட்டித் தடுத்தார். "தம்பி, நீங்க தள்ளி நில்லுங்க. இது எங்க சபைக்காரவுக போடுறது."

மாப்ள என்றுகூட இல்லை, தம்பி என்றார். யார் வேண்டுமானாலும் போடலாம் என்று போதகர் சொல்வதற்குள் செந்தில் கையை உதறிவிட்டு நகர்ந்துவிட்டார். அன்றிலிருந்து சித்தப்பாவிடம் நான் பேசுவதில்லை.

போன ஞாயிறு அப்பா என்னை ஜெபிக்கச் சொன்னார். உன் வரிசையிலேயே சொல்லிக்கொண்டு வந்தேன். சித்தப்பா பெயரை மட்டும் தாண்டிப் போய்விட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் செந்தில்தான் கேட்டார். "ஒரு பேரு குறையுதே. அப்பத்தா இருந்தா விட்டிருப்பாகளா?"

"அவுகளும் நாலு மாசம் விட்டாகதான?" என்றேன் வெடுக்கென்று.

சொன்ன பிறகுதான் யோசித்தேன். அந்தக் கிறிஸ்துமஸோடு உன் கோபம் தீர்ந்துபோனது என்றே இத்தனை வருடமும் நம்பியிருந்தேன். தீர்ந்திருந்ததா அப்பத்தா? எங்கள் கல்யாண போட்டோவைக் கடைசிவரை நீ கையில் வாங்கிப் பார்க்கவே இல்லையே. கண்ணாடி எங்கேயோ வைத்துவிட்டேன் என்பாய். கண்ணாடி உன் மூக்கில்தான் இருக்கும். ஆறாத மனசை வைத்துக்கொண்டா தினமும் எங்கள் பெயரைச் சொன்னாய்?

அப்படித்தான் இருக்கும். அது தெரிந்த பிறகு உன்மேல் பிரியம் கூடித்தான் போயிருக்கிறது.

வருகிற ஞாயிறு சித்தப்பா வருகிறார். ஜெபிக்க வேண்டியவள் நான்தான் என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. போகட்டும் என்று காத்திருக்கப் போவதும் இல்லை. அவர் பெயரைத்தான் முதலில் சொல்வேன்.

உன் பெரிய மகன் வீட்டுப் பேத்தி,
எஸ்தர்