முதுகையும் படம் எடுத்தார்கள்

மார்ச் 3

மருமகளுக்கு மாமியார் எழுதுவது.

போனை எடுக்கமாட்டேன் என்கிறாய். சரி, படி. மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, கோழி கிளறியது போலத்தான் இருக்கும்.

என் பேரன் குண்டன் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று குழந்தைகள் நல அலுவலகத்து அம்மாளிடம் சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். தலைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார்கள். அடிபட்டது தலையில், முதுகெலும்பை எதற்குப் படம் எடுக்க வேண்டும்? நாலு மாதக் குழந்தைக்கு மயக்கம் கொடுத்து அந்த ஸ்கேன் குழாய்க்குள் தள்ளச் சம்மதித்தவள் நீ. இப்போது என் மகன் வீட்டுப் படி ஏறக்கூடாதாம், லாட்ஜில் கிடக்கிறான். கல்யாணத்தன்று என் அக்காவை நீ உட்காரச் சொல்லாததையே நான் இன்னும் மறக்கவில்லை. இதையா மறப்பேன்?

உன் மாமியார்

மார்ச் 6

அத்தைக்கு,

போனில் உங்கள் குரல் மட்டும்தான் கேட்கும். அதனால் நானும் எழுதுகிறேன்.

குண்டன் பால் குடிக்கிறான். வலது கையை அசைக்கவில்லை.

முதுகுப் படத்தை டாக்டர் காட்டினார். கழுத்தெலும்புகளைப் பின்னால் பிடித்திருக்கும் நார்கள் கிழிந்திருக்கின்றன. தண்டுவடத்தைச் சுற்றி இடுப்பு வரை ரத்தம். முழங்கால் உயரக் கட்டிலிலிருந்து விழுந்தால் இப்படி ஆகுமா என்று கேட்டேன். “நான் பாத்த வரைக்கும் இல்லம்மா. ரத்தத்துல கோளாறு இருக்கான்னும் பாத்துட்டோம், இல்ல. பிடிச்சு வேகமா குலுக்கினா கழுத்து இப்படி ஆகும்” என்றார்.

அன்று நான் வேலைக்குப் போயிருந்தேன். வீட்டில் இருந்தது நீங்களும் உங்கள் மகனும். அவரை மறுபடி வீட்டுக்குள் விடலாமா என்று வியாழக்கிழமை முடிவு செய்கிறார்கள், உங்கள் கையெழுத்தை நம்பி. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன் அத்தை. விழுந்ததைப் பார்த்தீர்களா?

குண்டனின் அம்மா

மார்ச் 9

மருமகளுக்கு,

பார்க்கவில்லை.

மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். குழந்தை விடாமல் அழுதது. “சனியனே, வாய மூடுறியா இல்லையா!” என்று இவன் கத்தியது கேட்டது. அழுகை நின்றது. அப்பாடா, தூங்கிவிட்டான் என்று மீதித் துணியையும் உதறிப் போட்டேன். ஏழு துணி. கீழே வந்தால் இவன் முகத்தில் ரத்தமே இல்லை. “கட்டில்ல இருந்து விழுந்தத நீ பாத்தேன்னு சொல்லும்மா. உன் ஞாபகத்த எல்லாரும் நம்புவாங்க” என்றான். சொன்னேன்.

நேற்று லாட்ஜுக்குப் போய் உலுக்கிக் கேட்டேன். “ரெண்டே தடவதாம்மா” என்றான். ரெண்டே தடவையாம்! குறைத்துச் சொல்கிறான் என்னிடம். பளாரென்று அறைந்துவிட்டு வந்தேன். இன்னும் கை எரிகிறது, ஆத்திரம் அடங்கவில்லை.

இன்று அந்த அம்மாளிடம் போய், முன்பு சொன்னது பொய் என்று எழுதிக் கொடுத்தேன். “பொய் சொன்னதுக்கு உங்க மேலயும் கேஸ் வரும் பாட்டி” என்றாள். “போடு” என்றேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. குண்டனை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு நான் வந்தாலும் கதவைத் திறக்காதே. அவனை உள்ளே விடு என்று அழுவேன், திட்டுவேன், தெருவே வேடிக்கை பார்க்கும்படி கத்துவேன்.

திறக்காதே.

அவனைப் பெற்றவள்