சேலையூர் ஏரியில் இல்லாத எருமை

மோங்கு, சாம்பியா
12-9-1971

அன்புள்ள யூனிஸ்,

கர்த்தர் கிருபையில் நான் சுகம். நீயும் அத்தையும் சுகம்தானே? குழந்தைக்குப் பல் முளைத்ததா?

சென்ற சனிக்கிழமை எங்கள் பள்ளி ஆசிரியர்கள் இயற்கையைக் காண ஆற்றில் படகில் போனார்கள். இயற்கையும் அவர்களைக் கண்டது. நான் கரையிலேயே இருந்துவிட்டேன்.

படகில் ஓர் ஆசிரியர். அவரும் சேலையூர்தான், உனக்குத் தெரிந்திருக்காது. தண்ணீரில் கரிய முதுகு ஒன்றைப் பார்த்ததும், நம் ஏரியில் குளிக்கும் எருமை என்று நினைத்து, "ஹை, ஹை, நகரு" என்று துடுப்பால் ஒரு தட்டு தட்டினார்.

படகில் இருந்த இன்னொரு ஆசிரியர், பம்மல் முஸ்தபா, கத்தினார்: "யோவ், அது எருமை இல்லய்யா, நீர்யானை! குந்துய்யா கீழே!"

அது வாயைத் திறந்தது. நம் வீட்டு வாசற்கதவு அவ்வளவு திறக்காது. படகு கவிழ்ந்தது. எல்லோரும் கரை சேர்ந்தார்கள். அந்த ஆசிரியருக்கு மட்டும் கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை.

தாம்பரம் கண் டாக்டரிடம் என் கண்ணாடியின் அளவு இருக்கும். புதிதாக ஒன்று செய்து அனுப்பு. எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான். உன் படம் ஒன்றும் வேண்டும். சட்டைப் பையில் இருந்தது ஊறி, முகம் போய்விட்டது. தூங்கும்போதும் விளக்கை அணைப்பதில்லை. இங்கே மண்ணெண்ணெய் மலிவு.

டிசம்பர் பயணத்தை நிறுத்திவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. குழந்தையோடு வா. வந்த பிறகு ஆற்றைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்காதே.

தபால் ஜீப் ஹாரன் அடிக்கிறது.

உன்
வேதசிரோமணி