மிதிக்காத கதிர்

முகாம்,
24-1-72

அண்ணன் கலியபெருமாள் அவர்களுக்குத் தம்பி வீரையன் வணங்கி எழுதுவது. நான் நலம். அம்மாவின் மூட்டுவலி தேவலையா?

டிசம்பர் சண்டையில் தோளில் சின்னக் காயம். ஆறிவிட்டது, அம்மாவிடம் சொல்ல வேண்டாம். கிழக்கு வங்காளத்தில் விளைந்த நெல்வயலைத் தாண்டி எதிரியை நோக்கி ஓடினோம். என் கையில் கார்பைன். முகம் தெரிகிற தூரத்துக்குப் போனால்தான் அந்தக் குட்டைத் துப்பாக்கி உதவும். எல்லோரும் கதிரை மிதித்துக்கொண்டு ஓட, எனக்கு மட்டும் கால் வரவில்லை. வரப்பிலேயே ஓடிக் குண்டடி பட்டேன். “ஏலே, அது என்ன உங்கப்பன் வயலா?” என்று திருநெல்வேலி ஹவில்தார் என்னை நெல்லுக்குள் இழுத்துத் தள்ளினார்.

நேற்று என் வீட்டுக்காரி மலர்கொடியின் கடிதம் வந்தது. என் குத்தகை வயலில் அவள் நட்டு வளர்த்த சம்பாவை மிராசுதார் ஆட்கள் அறுத்துப் போனார்களாம். அரிவாளோடு முதலில் இறங்கியது நீங்களாமே. “பட்டாளத்துல சம்பளம் வாங்குறவனுக்கு நெலம் எதுக்கு?” என்றீர்களாமே.

யாரோ ஊர்பேர் தெரியாதவன் கதிரை என்னால் மிதிக்க முடியவில்லை, அண்ணா.

நார்த்தங்காய் ஊறுகாய் கேட்டிருந்தேன், வேண்டாம். அறுத்த நெல்லில் ஒரு பிடி அனுப்புங்கள், தலைமாட்டில் வைத்துக்கொள்கிறேன்.

தபால் வண்டி கிளம்புகிறது. மார்ச்சில் லீவு. உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். கார்பைனை வாங்கி வைத்துக்கொண்டுதான் ஊருக்கு விடுவார்கள், பயப்படாதீர்கள்.

வீரையன்