சக்கரம் வைத்த வீடு

அக்கா,

காலையில் பால் வாங்கிக்கொண்டு எம்.கே.பி. நகரில் எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது, ஒரு லோடு வண்டி ஓரமாக நின்று கொதித்துக்கொண்டிருந்தது. டிரைவர் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். துருவும் வெந்நீரும் கலந்த அந்த ஆவி முகத்தில் அடித்ததும் கால் நகரவில்லை. கருவாடு, தார், கம்பெனிப் புகை என்று எத்தனையோ வாசனைக்கு நடுவில்தான் இத்தனை வருஷமும் வாழ்ந்திருக்கிறேன். எதுவும் என்னை நிறுத்தியதில்லை. இது நிறுத்திவிடுகிறது. வீட்டுக்கு வந்து உனக்கு எழுத உட்கார்ந்தேன். படிக்க நீ இல்லை என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

ராயபுரம் மாதா கோவில் மணி அடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், தகரப் பெட்டியோடு நீ என் வாசலில் வந்து நின்றாய். மாமா உன்னோடு வரவில்லை. ரிக்ஷாக்காரரிடம் பெட்டியை இறக்கச் சொல்லிவிட்டு, "இருமல் சத்தத்துல அவருக்குத் தூக்கம் வர்லியாம்டா. தம்பி வூட்ல போய் இருன்னாரு" என்றாய். நான் பெட்டியை உள்ளே எடுத்து வைத்தேன். அம்மா அப்பா போன பிறகு நமக்கு நாம்தானே.

ஊசிக்கும் மாத்திரைக்கும் காசநோய் கொஞ்ச காலம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. திருவொற்றியூர்ப் பக்கமிருந்து காற்று திரும்பினால் புகை நம் அறைக்குள் வந்து படியும். நீ ஜன்னலைச் சாத்திவிட்டு வேர்த்துக்கொண்டு கிடப்பாய். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "மருந்து இனிமே பெரிசா வேலை செய்யாதுப்பா. கடக்காத்தும் புகையும் இல்லாத வறண்ட ஊர்ல வச்சிப் பாரு. நெஞ்சு கொஞ்சம் ஆறினாலும் ஆறும்" என்றார். அந்தக் 'கொஞ்சத்தை' நான் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அரக்கோணம், சோளிங்கர், ராணிப்பேட்டை என்று வீடு தேடி அலைந்தேன். வீடு இருந்தது. யாருக்கு என்று கேட்பார்கள். உண்மையைச் சொன்னதும் கதவு பாதி மூடிவிடும். காசநோய்க்காரிக்கு வாடகைக்கு விட்டால் அப்புறம் யார் குடிவருவார்கள்? ராயபுரத்தில் நமக்கு வாடகைக்கு விட்டிருந்தவரும் அப்போது காலி செய்யச் சொல்லி மெல்ல ஜாடை பேச ஆரம்பித்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் எண்ணூரில் அந்த வண்டிவீட்டைப் பார்த்தேன். கட்டுமான வேலைக்கு வந்திருந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் குடியிருந்துவிட்டு விட்டுப்போனது. இரண்டு சக்கரத்தின் மேல் தகரக் கூரை, ஒரு கட்டில், சின்ன ஜன்னல், மடக்கும் மேசை. பழைய இரும்பு வாங்குகிறவர் உடைக்கப் போகிறேன் என்றார். உடைக்க வேண்டாம், எனக்குக் கொடுங்கள் என்றேன்.

என்னிடம் இருந்ததோ யுத்த காலத்துப் பழைய பிக்கப். காசிமேட்டிலிருந்து மார்க்கெட்டுக்கு மீனும் ஐஸும் ஏற்றி ஏற்றி அடித்தட்டே உப்பில் அரித்துப்போயிருந்தது. அதன் பின்னால் வண்டிவீட்டைக் கட்டி முதல்முதலாக இழுத்துப் பார்த்தது நினைவிருக்கிறதா? பேசின் பிரிட்ஜ் மேட்டில் பாதிகூட ஏறவில்லை. ரேடியேட்டர் கொதித்து, பின்பக்கம் தரையைத் தொடுகிற மாதிரி குந்திவிட்டது. முன்சீட்டில் என் பக்கத்தில் இருந்த நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். "டேய், அதுவும் என்னெ மாதிரியே மேல்மூச்சு வாங்குதுடா."

வியாசர்பாடி மெக்கானிக் மஸ்தான் பாய் வந்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"மாமு, மீன் கூடை இஸ்த்த வண்டி இது. வூட்டை இஸ்க்கச் சொன்னா எப்டி இஸ்க்கும்?"

"இஸ்த்தாவணும் பாய். அக்காவுக்கு வேற வழி இல்ல."

அவர் உன்னைப் பார்த்தார். பிறகு வேலையில் இறங்கிவிட்டார். லாரி ரேடியேட்டர் ஒன்றைத் தேடி எடுத்து முன்பக்கத்தை வெட்டிப் பொருத்தினார். பின் ஸ்பிரிங்கில் கூடுதலாகப் பட்டைகள் சேர்த்தார். அரித்த அடித்தட்டைப் பெயர்த்துவிட்டு, சட்டத்தோடு சேர்த்து இரும்புக் கோணம் வைத்துப் பற்றவைத்து, வண்டிவீட்டை இழுக்கும் கொக்கியை அதில் பூட்டினார். வேகம் குறைந்தாலும் இழுவை கூடட்டும் என்று பின் அச்சின் பல்சக்கரத்தையும் மாற்றினார். எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தபோது, "இன்னா அவசரம்? பிரேக் கீதே" என்று வண்டிவீட்டின் சக்கரங்களுக்குத் தனியாகப் பிரேக் வைத்தார். "இஸ்துக்கினு பூடலாம் மாமு. பின்னால இருக்கறது நம்ம மேல ஏறாம நிக்கணும். அக்கா உள்ள கீது."

நீ உன் பங்குக்கு ஜன்னலுக்குத் திரை தைத்தாய். நீலத்தில் வெள்ளைப் புள்ளி. இரண்டு தையல் போடுவாய், மூச்சு வாங்குவாய், மறுபடி போடுவாய். "மொதல் தபா எனக்குன்னு ஒரு வூடுடா" என்றாய். மறுமுறை பேசின் பிரிட்ஜ் மேட்டில் வண்டி முனகாமல் ஏறியபோது, கீழே நின்ற பாய் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கைதட்டினார்.

மேற்கே புறப்பட்டோம். ராணிப்பேட்டை தாண்டி ஒரு புளியந்தோப்பு. தோப்புக்காரர் நல்ல மனுஷன். கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அன்று நீ இரண்டு இட்லி சாப்பிட்டாய். காற்றில் ஈரமே இல்லை என்று கையை நீட்டிக் காட்டினாய். மறுநாள் கிணற்றடிப் பெண்கள் உன் இருமலைக் கேட்டார்கள். மத்தியானத்துக்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். தோப்புக்காரர் என் முகத்தைப் பார்க்காமல், "கொழந்தைங்க இருக்கிற எடம்பா. வண்டிய எடுத்துக்க" என்றார்.

அடுத்து ஓர் ஏரிக்கரை. அங்கேயும் அப்படித்தான். ஒரு கோவில் வளாகத்தில் சாமியார் இடம் தந்தார், ஊர் தரவில்லை. நான் கோபப்பட்டுக் கத்துவேன். நீ ஜன்னலுக்குள்ளிருந்து, "வுட்றா. அவுங்க பயம் அவுங்களுக்கு" என்பாய். எவ்வளவு பாரத்தையும் இழுக்கிற வண்டி நம்மிடம் இருந்தது அக்கா. நிறுத்தத்தான் ஒரு சாண் இடம் கிடைக்கவில்லை.

கடைசியாக நின்ற ஊரில் ஒரு பகல் முழுக்க உன் இருமல் கேட்கவே இல்லை. காற்று வேலை செய்கிறது என்று நம்பினேன். அந்த நம்பிக்கையோடு கஞ்சி எடுத்துக்கொண்டு ஏறினால், நீ புடவைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு சுவரோரம் கிடந்தாய். கண்கள் பிதுங்கியிருந்தன. துணியை இழுத்தேன், இரத்தமாக வந்தது.

"சத்தம் கேட்டா இங்கயும் தொரத்துவாங்கடா" என்றாய்.

"இருமுக்கா. எவன் வரான்னு பாக்கறேன். நீ இருமு."

என் தோளைப் பிடித்துக்கொண்டு நீ இருமினாய். அடங்கிய பிறகு, "வூட்டுக்குப் போலாம்டா. அங்க நம்ம ஜனம் கீது. செத்தாலும் தூக்கறதுக்கு நாலு பேர் வருவாங்க" என்றாய். போய்க் கேட்க வேறு ஊர் எதுவும் மிச்சமில்லை. வண்டியைத் திருப்பினேன்.

திரும்பும்போது உன்னால் முன்சீட்டில் உட்கார முடியவில்லை. கட்டிலில் படுக்கவைத்து, விழாமலிருக்கத் தலையணைகள் அண்டக்கொடுத்தேன். பூந்தமல்லியில் நிறுத்திச் சோடா வாங்கி வந்தேன். இரண்டு மடக்கு குடித்தாய். வியர்த்திருந்த என் நெற்றியைத் துடைத்துவிட்டு, "வண்டி நல்லா ஓடுதுடா. குலுங்கவே இல்ல" என்றாய். திரையை விலக்கி வைக்கச் சொன்னாய். வைத்தேன்.

அதற்குப் பிறகு வண்டி அப்படி ஓடியது அக்கா. பின்னால் பாரம் இருப்பதே தெரியவில்லை. ரேடியேட்டர் சூடேறவில்லை, பிரேக் அழுத்தினால் வண்டிவீடு பூப்போல நின்றது. நீ மெச்சிக்கொண்ட சந்தோஷத்தில் நான் சீழ்க்கைகூட அடித்தேன். ராயபுரத்தில் வீட்டு வாசலில் நிறுத்தி, பின்னால் போய்க் கதவைத் திறந்தேன். நீ ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாய். கூப்பிட்டேன். கையைத் தொட்டேன். எப்போதோ போயிருந்தாய்.

நீ சொன்னபடியே ஆட்கள் வந்தார்கள். காசிமேட்டுக் கல்லறையில் வைத்தோம். பாய் வந்து கொக்கியைக் கழற்றினார். வண்டிவீடு மீண்டும் பழைய இரும்புக்குப் போயிற்று. பிக்கப்பை நான் பிறகு ஓட்டவில்லை. நோய் என்னைத் தொடவில்லை. ஏன் தொடவில்லை என்று யாரிடம் கேட்பது?

கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி கொண்டுபோகிறேன். ஆனால் நீ அங்கே இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை. பூந்தமல்லிக்கும் ராயபுரத்துக்கும் நடுவில் எந்த இடத்தில் உன் மூச்சு நின்றது? எந்த மரத்தை, எந்தக் கடையை நீ கடைசியாகப் பார்த்தாய்? எனக்குத் தெரியாது. தெரியப்போவதும் இல்லை.

எப்போதாவது அந்த வழியாகப் பஸ்ஸில் வர நேர்கிறது. பூந்தமல்லி வந்ததும் நான் எழுந்துவிடுகிறேன். போன மாதம்கூட ஒரு கண்டக்டர், "பெர்சு, சீட்டு காலியா கீது பார், குந்து" என்றார். வேண்டாம் என்று தலையாட்டினேன். உன் மூச்சு நின்ற இடம் எதுவென்று தெரியாததால், வழி முழுக்க நான் நின்றுகொண்டேதான் வருகிறேன்.