குமிஸ் கடைந்த அதிகாரி

அன்பு மகள் ஆய்சுலுவுக்கு, விற்க மாட்டேன். ஏழு குதிரைகளில் ஒன்றைக்கூட விற்க மாட்டேன், அந்தக் கறி வியாபாரி வண்டியோடு வந்து வாசலில் நின்றாலும் சரி. போனில் நீ சொன்னதற்குப் பதில் இது. நான் வாயைத் திறப்பதற்குள் நீ வைத்துவிட்டாய், அதனால் இந்தக் கடிதத்தை உன் ஊர்ப் பக்கம் போகிற லாரிக்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன். மற்றபடி நாங்கள் நலம், குட்டிகள் நலம், என் முழங்கால் மட்டும் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது, நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். நான் சொல்லச் சொல்ல எழுதுவது உன் அம்மா. நாலாம் வகுப்போடு நின்றவன் எழுத்தை நோவோசிபிர்ஸ்க் பால் தொழிற்சாலைப் பரிசோதனைக்கூட அம்மணிக்கு அனுப்பினால் அசிங்கமாம்.

"அப்பா, புதுச் சட்டமெல்லாம் வந்திருச்சு, அதைப் படிச்சுப் புரிஞ்சுக்க உங்களால ஆகாது, குதிரைங்கள வித்துட்டு டவுனுக்கு வந்துருங்க" என்றாய். சட்டம் வந்துதான் இருக்கிறது. குதிரைப்பாலைப் புளிக்கவைத்துக் கடைந்த குமிஸைச் சாலையோரம் விற்க இனி அனுமதி வேண்டும், ஜூன் இருபதாம் தேதிக்குள். கிடைக்காவிட்டால் மேசையை மடக்க வேண்டியதுதான், குமிஸ் விற்காமல் குளிர்காலத்துக்குப் புல் வாங்க முடியாது, அப்புறம் நீ சொன்ன கறி வியாபாரிதான். அது தெரியாமலா இருக்கிறேன்? சொன்னதெல்லாம் செய்தேன். குதிரைகளுக்கு எண் போட்டாயிற்று, ரத்தம் எடுத்தாயிற்று, மூன்றாம் எண் உன் அம்மாவைக் கடித்தது, எண் இல்லாதபோதும் கடித்ததுதான். எனக்கும் அவளுக்கும் உடல்நலப் புத்தகம் கொடுத்தார்கள். அவள் நுரையீரல் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறதாம், அன்றிலிருந்து அவளோடு பேச முடியவில்லை. ஒரு பதிவேடும் கொடுத்தார்கள், பக்கத்துக்குப் பக்கம் எண், நூல் கோத்து அரக்கு முத்திரை. குமிஸ் புளிக்கிற தோல்பையை யார் தொட்டாலும் அவர் பெயர், நேரம், உடல்நலப் புத்தக எண் எல்லாம் அதில் ஏற வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை மாவட்டத்திலிருந்து அதிகாரி வந்தான். மிர்பெக் என்று பெயர், பக்கத்துப் பள்ளத்தாக்குப் பையன், உன் வயதுதான் இருக்கும், தலையில் வலை போட்டிருந்தான். கூடாரத்துக்குள் குனிந்து வந்தான், சலாம் சொன்னான், வாசலோரம் தொங்குகிற பையின் மத்தைப் பிடித்தான், கடைய ஆரம்பித்துவிட்டான். நான் கடையச் சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. நம் பக்கத்தில் உள்ளே வருகிறவன் நாலு தரம் கடைந்துவிட்டுத்தானே உட்காருவான், கை அது பாட்டுக்குப் போய்விட்டது. கடைந்துகொண்டே "பெரியவரே, வெளியாளு யாரும் பையைத் தொடக் கூடாது, ஞாபகமிருக்குல்ல?" என்று கேட்டான். நன்றாக ஞாபகமிருக்கிறது என்றேன். குறை சொல்லக்கூடாது, தாளம் தப்பாமல் கடைந்தான். நான் பதிவேட்டை எடுத்து எழுதினேன்: மிர்பெக், பதினோரு மணி, உடல்நலப் புத்தகம் கிடையாது.

மூன்று கிண்ணம் குடித்துவிட்டுப் பதிவேட்டைக் கேட்டான், படித்தான், காது சிவந்துவிட்டது. "ஐயோ, என் வேலை போயிரும் பெரியவரே, அடிச்சு விட்டுருங்க" என்றான். அடித்தல் திருத்தல் கூடாது என்று அட்டையிலேயே அச்சடித்திருப்பதைக் காட்டினேன். "அப்ப கிழிச்சுருங்க" என்றான். பக்கத்துக்கு எண் போட்டது யார் தம்பி என்றேன். உன் அம்மா, "சும்மா இருய்யா கெழவா, புள்ள அழுதுரும் போல" என்று நாலாவது கிண்ணத்தை ஊற்றினாள். அதைக் குடித்து முடிக்கும் வரை யோசித்தான், பிறகு குறிப்பு என்ற இடத்தில் தானே எழுதினான்: விருந்தாளி கடைவது இந்தக் குமிஸின் செய்முறையில் சேர்ந்தது, கை கழுவிவிட்டுக் கடையலாம். கையெழுத்து, முத்திரை. இப்போது வாசலில் ஒரு கை கழுவும் தொட்டி நிற்கிறது, ஆடு வந்து குடித்துவிட்டுப் போகிறது.

ஆனால் விண்ணப்பத்தில் ஒரு கட்டம் பாக்கி இருந்தது. பொறுப்பாளர், பால் தொழில் படித்துச் சான்றிதழ் வாங்கியவராக இருக்க வேண்டும். மிர்பெக், "இதுல மட்டும் நான் ஒண்ணும் பண்ண முடியாது, சத்தியமா" என்றான். அவன் சொன்னது நியாயம். நீ சொன்னதும் நியாயம், எனக்குப் படிப்புப் போதாது. இந்தக் குடும்பத்தில் அந்தச் சான்றிதழ் ஒருத்தியிடம்தான் இருக்கிறது. உன் பெயரை எழுதிவிட்டேன். இருபதாம் தேதிக்குள் நீ நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், வராவிட்டால்

இனி நானே எழுதுகிறேன், பிழை இருக்கும். கட்டத்தில் யார் பெயர் என்பது உன் அம்மாவுக்கு இப்போதுதான் தெரியும். "பெத்த பொண்ண ஒரு வார்த்தை கேட்டியாய்யா?" என்று பேனாவைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். கேட்கவில்லை. கேட்டால் முடியாது என்பாய். வராவிட்டால் உன்மேல் குறையில்லை, வியாபாரியை நானே கூப்பிடுவேன், அவன் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன், மேலே சொன்னதெல்லாம் வாய்ப்பேச்சு. வந்தால் ஒரு கோடை இருந்துவிட்டுப் போ, அனுமதி ஒரு கோடைக்குத்தான். சான்றிதழின் அசலை மறக்காமல் எடுத்து வா, நகல் செல்லாது. உன் வழி தடங்கலில்லாமல் வெள்ளையாக இருக்கட்டும், உடம்பு கல்லுப் போல உறுதியாக இருக்கட்டும்.

பால் கறக்க இன்னும் நேரம் இருக்கிறது. உன் அம்மா உன் மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கிறாள். கோபமா இல்லையா தெரியவில்லை, பலமாகத்தான் தட்டுகிறாள்.

உன் அப்பா,
தொக்தோசுன்